சிறு துப்பாக்கியும் தற்காப்பும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இரவில் கடையடைத்துப் பணத்துடன் வீடு திரும்பும் நம்மவர்களுக்கு நேரிடும் அபாயங்களைக் குறித்துச் சென்ற மாதக் கூட்டத்தில் வாதம் நிகழ்ந்தது தங்களுக்கு நினைவிருக்கும். கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுச் செய்யும்படி நம் வாலிப வியாபாரிகளைச் சங்கமே தூண்டவேண்டுமென்று ஒரு தீர்மானம் பிரேரிக்கப்பட்டது. அப்போது ஒரு சகோதரியார் எழுந்து, "கைப்பையில் அடங்கும் சிறு துப்பாக்கி உயிரைக் காக்கப் போதுமா?" என்று வினவினார்கள். விடை கூறுவார் எவரும் அன்று இல்லாமையால் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. போலீஸ் இலாகாவில் பல்லாண்டு துப்பாக்கிப் பயிற்சி அளித்து ஓய்வு பெற்றவன் என்னும் ஒரே காரணம்பற்றி அவ்விடை கூறும் பணி அடியேனிடம் ஒப்புவிக்கப்பட்டது. என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தையும் மறையாது கூற வேண்டியிருப்பதால், இப்பணியை மகிழ்ச்சியோடு அன்றிக் கடமையாகவே ஏற்றேன்.

முதலில் சிறியது என்பது யாது என்று தெளிவோம். துப்பாக்கியின் அளவைக் குழலின் விட்டத்தைக் கொண்டு கூறுவது வழக்கம். .22 என்றால் ஓரங்குலத்தை நூறு கூறாக்கி அதில் இருபத்திரண்டு கூறு. அதாவது ஐந்தரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதன் குண்டு ஏறத்தாழ இரண்டரைக் கிராம் எடையுள்ளது. .32 என்பதன் குண்டு ஏறத்தாழ ஆறு கிராம். பெருந்துப்பாக்கியாகிய .45-இன் குண்டோ பதினைந்து கிராம் அளவினது. நம் தேசத்தில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், 9 மில்லிமீட்டர் முதலிய படைக்கலங்களைக் குடிமக்களுக்கு விலக்கி வைத்துள்ளது. ஆதலால் லைசென்ஸ் பெறும் நம்மவர் வாங்குவது பெரும்பாலும் .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், சிலர்.22. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் பெண்மக்களை உத்தேசித்து 2014-இல் வெளியிடப்பட்ட 'நிர்பீக்' என்னும் ரிவால்வரும் .32 அளவினதே. அதன் எடை அரைக் கிலோ. அக்காலத்து விலை ஏறத்தாழ 1,22,000 ரூபாய். எனவே, பெரியதா சிறியதா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு நமக்கில்லை. நமக்குக் கிடைக்கக்கூடிய சிறியது போதுமா என்பதே கேள்வி.

இங்கு, 'போதும்' என்னும் சொல்லுக்குப் பொருள் யாது? கொல்லுதல் வேறு, நிறுத்துதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே இவ்விஷயத்தில் நேரும் பெரும் பிழை. 1901-ஆம் வருஷம் செப்டம்பர் 6-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி மக்கின்லியைப் பபலோ நகரில் ஒருவன் .32 ரிவால்வரால் மிக அருகிலிருந்து இருமுறை சுட்டான். ஜனாதிபதி நினைவிழக்கவில்லை, பேசவும் செய்தார், சுட்டவனைத் துன்புறுத்த வேண்டாமென்றுகூடச் சொன்னார். எட்டு நாள் கழித்து, 14-ஆம் தேதி, அக்காயத்தாலேயே உயிர் நீத்தார். அக்குண்டு கொல்லப் போதுமானதாயிருந்தது. ஆயினும் அக்கணமே ஒரு மனிதனைச் செயலற்றவனாக்கப் போதுமானதாயில்லை. அரிவாளோடு நம்மை நெருங்குபவன் எட்டு நாள் கழித்து இறப்பதால் நமக்கு யாது பயன்? அடுத்த மூன்று விநாடிகளில் அவன் கை ஓங்காதிருத்தல் வேண்டும். அன்றியும், நாம் விரும்புவது அவன் மரணமன்று; நம் உயிரும் நம்மைச் சார்ந்தோர் உயிருமே.

இன்னொரு சம்பவம் இதனை மேலும் விளக்கும். 1981-ஆம் வருஷம் மார்ச்சு 30-ஆம் தேதி வாஷிங்டன் நகரில் ஜனாதிபதி ரீகனை நோக்கி ஒருவன் .22 ரிவால்வரால் இரண்டு விநாடிக்குள் ஆறு முறை சுட்டான். மோட்டாரில் பட்டுத் தெறித்த ஒரு குண்டு ரீகனுடைய மார்பினுள் புகுந்தது. தமக்குக் குண்டு பட்டதையே அவர் முதலில் அறியவில்லை. ஆஸ்பத்திரி வாயிலில் இறங்கித் தம் காலாலேயே உள்ளே நடந்தார். அதே துப்பாக்கி, அதே விநாடிகள். ஆனால் அவருடைய காரியதரிசி பிராடி என்பவருக்குத் தலையில் பட்டது. அவர் அவ்விடத்திலேயே சாய்ந்தார். குண்டின் அளவு ஒன்றே, பட்ட இடம் வேறு, பலனும் வேறு.

இதன் காரணத்தை வைத்தியர்களும் போலீஸ் நிபுணர்களும் ஆராய்ந்துள்ளனர். மூளையையாவது, கழுத்தையொட்டிய தண்டுவடத்தையாவது தாக்கினாலன்றி எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் மனிதனை உடனே வீழ்த்துவதில்லை. பிற இடங்களில் பட்டால் இரத்தம் வெளியேறிச் சோர்வு வருமளவும் காத்திருக்க வேண்டும். இருதயமே சிதைந்தாலும், மூளையில் எஞ்சிய பிராணவாயுவைக் கொண்டு பத்துப் பதினைந்து விநாடி ஒருவன் செயல்பட முடியும் என்று அமெரிக்கக் கூட்டாட்சித் துப்பறியும் இலாகாவின் 1989-ஆம் வருஷத்து அறிக்கை கூறுகிறது. அவ்வறிக்கை பிறந்த வரலாறு துயரமானது. 1986-ஆம் வருஷம் ஏப்ரல் 11-ஆம் தேதி மையாமி நகரில் இரு கொள்ளைக்காரரோடு அவ்விலாகாவின் எட்டு உத்தியோகஸ்தர்கள் பொருதனர். கொள்ளைக்காரருள் ஒருவனுக்குத் தொடக்கத்திலேயே 9 மில்லிமீட்டர் குண்டு கையைத் துளைத்து மார்பில் புகுந்தது. ஆனால் இருதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. அதன் பின்னும் அவன் சில நிமிஷம் போராடினான். உத்தியோகஸ்தர் இருவர் உயிர் துறந்தனர். அன்று முதல், குண்டு குறைந்தது பன்னிரண்டு அங்குலமேனும் ஊடுருவ வேண்டும் என்பது அவர்கள் விதி.

இவ்விதியால் அளந்தால் சிறு துப்பாக்கியின் குறை புலனாகும். மெல்லிய குண்டு எலும்பில் பட்டால் வழி தவறும். தடித்த உடையையும் கையையும் கடந்தபின் ஆழம் செல்ல வலியற்றுப்போம். பத்தாண்டுகளில் நிகழ்ந்த ஏறத்தாழ 1,800 சூடுகளை ஓர் அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் தொகுத்து 2011-இல் வெளியிட்டார். .22, .25, .32 ஆகிய சிறு அளவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் எத்தனை குண்டு பட்டும் செயலற்றுப்போகவில்லை, 9 மில்லிமீட்டர்,.45 முதலிய பேரளவுகளில் அது ஏழில் ஒருவர் அளவே. வேற்றுமை உண்மையே என்பது இதனாற் பெறப்படும். எனினும், பெரியதும் ஏழில் ஒருமுறை தவறுகிறது என்பதையும், சிறியதும் மூன்றில் இருமுறை பயன் தந்தது என்பதையும் மறத்தலாகாது. துப்பாக்கியைக் கண்ட மாத்திரத்தில், அல்லது ஒரு குண்டு பட்ட அச்சத்தில், ஓடிவிடுபவரே பலர். அவர்களுக்கு .22-உம் போதும். ஓடாதவனுக்காகவே நாம் கவலைப்படுகிறோம்.

சிறு துப்பாக்கிக்குச் சில நன்மைகளும் உண்டு. அதிர்ச்சி குறைவு, ஆதலால் மெலிந்த கையுடையோரும் முதியோரும் குறி தவறாமல் அடுத்தடுத்துச் சுடக்கூடும். தாங்கமுடியாத .45-ஆல் சுவரைச் சுடுவதினும் பழகிய .32-ஆல் மார்பைச் சுடுவது மேல் என்பது பயிற்சிக்களத்தில் யான் நாடோறும் கண்ட உண்மை. ஆனால் மிகச் சிறிய துப்பாக்கிகளில் குழலும் குறிபார்க்கும் முளையும் குறுகியிருப்பதால் சற்றுத் தொலைவிலிருந்து குறி வைப்பது கடினம். மேலும், .22 தோட்டாவின் விளிம்பில் மருந்தை வைத்திருப்பதால் அது மற்றவற்றினும் சற்று அதிகமாக வெடியாது போவதுண்டு. ரிவால்வராயின் விசையை மறுமுறை இழுக்க அடுத்த தோட்டா வரும். பிஸ்டலாயின் கையால் நீக்கவேண்டும். நடுங்கும் கைக்கு அது எளிதன்று.

பழகிய கைக்கே அது எளிதன்று என்பதற்கு 1974-ஆம் வருஷம் மார்ச்சு 20-ஆம் தேதி லண்டன் நகரில் நிகழ்ந்தது சான்று. இளவரசி ஆனின் மோட்டாரை ஒருவன் மறித்து இரு ரிவால்வர்களோடு வந்தான். மெய்க்காவலர் ஜேம்ஸ் பீட்டன் தமது சிறு பிஸ்டலால் ஒருமுறை சுட்டார், குறி தவறியது, பிறகு பிஸ்டல் சிக்கிக்கொண்டது. அவர் மூன்று குண்டுகளைத் தம் உடலில் ஏற்றும் இளவரசியை மறைத்து நின்றார். வழியே வந்த குத்துச்சண்டைக்காரர் ஒருவர் அக்கொடியவனைக் கையால் அறைந்தார். இளவரசி தப்பினார், பீட்டன் உள்ளிட்டுக் காயமுற்ற நால்வரும் பிழைத்தனர். அன்று காத்தது பிஸ்டலன்று. மனிதரின் துணிவும், சூழ நின்றோர் உதவியுமே.

இனி, என் வீட்டுச் சம்பவத்தைச் சொல்வேன். என் தமக்கையாரின் கணவர் மொத்த வியாபாரி. அவருக்கு லைசென்ஸ் பெறத் துணை நின்றவனும், .32 ரிவால்வரைத் தெரிந்து கொடுத்தவனும் யானே. தோட்டாவின் எடையையும் வேகத்தையும் அத்தானுக்கு விரிவாக விளக்கினேன். அவர் வருஷத்துக்கு ஒருமுறைகூடச் சுட்டுப் பழகவில்லை, யானும் வற்புறுத்தவில்லை. ஓரிரவு கல்லாவில் அமர்ந்திருந்தபோது இருவர் அரிவாளோடு நுழைந்தனர். ரிவால்வர் பூட்டிய மேஜையறையில் இருந்தது, சாவி இடுப்பில். வாயிலுக்கும் கல்லாவுக்கும் நான்கு எட்டுத் தூரம். அவர் சாவியை எடுக்கக் கை தாழ்த்திய கணத்தில் வெட்டு விழுந்தது. கடைப்பையன் கூச்சலிட்டு இரும்புக் கதவைப் பாதி இழுத்ததால் வந்தவர் பணத்தோடு ஓடினர். அத்தான் பிழைத்தார், வலக்கையில் இரு விரல்கள் மடங்குவதில்லை. ரிவால்வர் எவ்விதப் பழுதுமின்றி மேஜையில் கிடந்தது. .32 போதுமா என்று யான் அவரோடு பல நாள் பேசினேன். நான்கு எட்டுத் தூரத்தைக் குறித்து ஒருநாளும் பேசவில்லை. என் தமக்கையார் அதற்காக என்னை ஒரு சொல்லும் கூறியதில்லை. அதுவே எனக்குப் பாரமாயிருக்கிறது.

சட்டத்தையும் சிறிது நினைப்போம். 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதீய நியாய சங்கிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையை அளிக்கின்றன. ஆனால் தேவைக்கு மிஞ்சித் தீங்கு செய்யலாகாது. சர்க்கார் உதவியை நாட அவகாசமிருக்கும்போது அவ்வுரிமை இல்லை. அபாயம் நீங்கியபின் ஓடுகிறவன் முதுகில் சுடுவது தற்காப்பாகாது. அன்றியும், தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்புவிக்கும்படி உத்தரவாகக்கூடும். அந்நாட்களில் அதை நம்பியிருந்தவர் யாது செய்வார்?

ஆகவே சகோதரியார் வினாவுக்கு என் விடை இது: சிறு துப்பாக்கி ஒன்றுமில்லாமைக்கு மேலானது, போதுமென்று நம்பத்தக்கதன்று. மாதந்தோறும் பழகி, உடலோடு தரித்து, சட்டமறிந்து, வேறு வழியில்லாதபோது மட்டும் எடுப்பவருக்கு அது கடைசித் துணையாகலாம். வாங்கிப் பூட்டி வைப்பவருக்கு அது பொய்த் தைரியம். குழந்தைகளுள்ள வீட்டில் அதுவே அபாயம்.

எனவே அத்தீர்மானத்தைத் திருத்தி நிறைவேற்றுமாறு வேண்டுகிறேன். லைசென்ஸ் விரும்புவோர் தம் பொறுப்பில் பெறட்டும். சங்கம் அதைத் தூண்ட வேண்டாம். அன்றாடம் சேரும் பணத்தை மாலைக்குள் பாங்கியில் செலுத்துதல், தனியே செல்லாது இருவர் மூவராய்க் கூடிச் செல்லுதல், கல்லாவுக்கும் வாயிலுக்கும் இடையே கம்பித் தட்டி அமைத்தல், ஒரு கடையில் கூச்சல் எழுந்தால் அண்டைக் கடையார் யாவரும் வெளிப்படுதல் — இவற்றைச் சங்கம் தன் பொறுப்பில் நடத்தட்டும். அத்தானைக் காத்தது ஆறு கிராம் குண்டன்று. ஒரு பையனின் குரல். நம் கடைத்தெரு முழுதும் அத்தகைய குரலாய் இருக்குமாறு செய்வது நம் கையில் உள்ளது.