போகிக்கு முன் பரணைப் பாருங்கள்

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் கொடுத்த நேரத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

போகி வருகிறது. பரணில் கிடக்கும் பழைய டிவி கேம், கேசட் எல்லாம் காயலான் கடைக்குப் போகும் நேரம். "பழைய கேம் கோடிக்கணக்கில் விலை போகிறதாமே, எங்கள் வீட்டிலும் இருக்கிறது" என்று சிலர் கேட்டார்கள். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

செய்தி உண்மைதான். 2021 ஜூலையில் அமெரிக்காவில் ஹெரிடேஜ் ஆக்‌ஷன்ஸ் நடத்திய ஏலத்தில், 'சூப்பர் மாரியோ 64' பிரதி ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் 11 கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் அந்த கேம் உலகம் முழுவதும் ஒரு கோடிக்கும் அதிகமாக விற்றது. அந்த விலை, பிரிக்காத உறைக்கும் மடங்காத அட்டைப்பெட்டிக்கும் கிடைத்தது. நம் வீடுகளில் பெட்டியை வாங்கிய அன்றே கிழித்துவிட்டோம்.

இன்னொன்று. 1990களில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் நாம் வாங்கியவை பெரும்பாலும் நகல்கள். 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்தவை. கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே அதே சில கேம்கள் திரும்பத் திரும்ப வரும். இவற்றுக்குப் பெரிய விலை கிடைக்காது.

அசல் கேசட்டுகளுக்கு ஏன் விலை ஏறுகிறது? புதிதாக யாரும் தயாரிப்பதில்லை. அன்று ஆடிய பிள்ளைகள் இன்று சம்பாதிக்கிறார்கள். 2020 ஊரடங்கில் தேடல் இன்னும் கூடியது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டது. ஆட வேண்டுமென்றால் பழைய கேசட்டைத்தான் தேட வேண்டும்.

விலை ஏறினால் போலியும் வரும். வாங்குமுன் உள்ளே இருக்கும் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிப்புக்குப் பதில் கருப்புப் பசைத் துளி இருந்தால் பெரும்பாலும் நகல். ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 பின். அமெரிக்க நின்டெண்டோவுக்கு 72. அங்கிருந்து உறவினர் கொண்டுவந்தது இங்குள்ள பெட்டியில் நுழையாது.

வைத்துக்கொள்பவர்கள் கேசட்டை வாயால் ஊதாதீர்கள். ஈரம் பட்டு பின் அரிக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். வாத்து சுடும் துப்பாக்கி பழைய பிக்சர் டியூப் டிவியில்தான் வேலை செய்யும். 2006இல் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச டிவி ஓடும் நிலையில் இருந்தால், அதையும் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். எடுத்துப் போடுமுன், அதில் ஆடிய மகனிடமோ மகளிடமோ போனில் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்கு வேண்டாமென்றால், நம் பிளாக்கில் ஆசைப்படும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஓடாததை மின்கழிவில் சேருங்கள். போகி நெருப்பில் மட்டும் போடாதீர்கள்.