பிசிறு வெட்டும் கையிலே பிள்ளையா?

தோழர்களே!

பனியன் நகரம் என்று பெருமையோடு சொல்கிறோம், திருப்பூரை! அமெரிக்கா அணிகிறது, ஐரோப்பா அணிகிறது என்று மார்தட்டுகிறோம். அந்த ஆடையிலே பிசிறு வெட்டியவள் யார்? கைமடித்துக் கொடுத்தவள் யார்? ஏட்டை மூடிவிட்டு வந்த ஏழைப் பெண்களை அந்த வரிசையிலே காணலாம்.

“வேலைக்குப் போகிற பெண், நாலு பேர் கண் படும், காலத்தோடு கட்டிக் கொடுத்துவிடு” என்கிறார்கள் உறவினர். தாலியே காவல் என்று கருதுகிறார்கள். நூற்பாலைகள் சிலவோ, மூன்றாண்டு உழைத்தால் மொத்தமாகப் பணம், மணச் செலவுக்கு ஆகும் என்று ஆசை காட்டின. சுமங்கலித் திட்டமாம்! பருத்தி நூலோடு தாலிக் கயிற்றையும் சேர்த்தே திரித்த திட்டம்!

பதினாறில் மணம், பதினேழில் பிள்ளை. அந்த உடல் என்ன ஆகிறது? வளர்ந்து முடியாத உடல் அது. இடுப்பெலும்பு முழுமை பெறவில்லை; பிள்ளை வரும் வழி குறுகல். ஒருத்திக்கே போதாத உணவிலே இரண்டு உயிர்கள் பங்கு கேட்கின்றன. தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்கிறது, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அவ்வயதினரில் நூற்றுக்கு 6 பேர் தாயாகிவிட்டவர், அல்லது கருவுற்றவர். இரத்தமற்ற உடலுக்குச் சிறு உதிரப்போக்கும் பேராபத்து! இருபதைக் கடந்தவளைவிட இவளுக்குப் பேறுகால வலிப்பும் கிருமித் தொற்றும் மிகுதி என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறப்பதும் பெரும்பாலும் எடை குன்றிய பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த அபாயம் கூடுதல்.

சட்டம் இல்லையா? 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு, பெண்ணின் மணவயது பதினாறுக்கு மேல் வேண்டும் என்றது. அதே ஆண்டின் சாரதா சட்டமோ 14 போதும் என்றது. 18 ஆக உயர 1978 வரை காத்திருந்தோம்!

இனி நான் சொல்வது சற்றுக் கசக்கும். காக்க வந்த சட்டமே, சில வேளை அவளை மருத்துவமனை வாசலிலே தடுக்கிறது. 18 நிரம்பாதவள் கருவுற்று வந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மருமகன் சிறை செல்வானே என்று அஞ்சும் குடும்பம் வயிற்றை மறைக்கிறது. மருந்துக்கடை மாத்திரையை நம்புகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவியோ 19 நிரம்பியவளுக்கே! இளமணத்துக்கு ஊக்கம் தரலாகாது என்பார்கள். சரி, மணம் முடித்தவர்கள் பெரியவர்கள், தண்டனை சுமப்பவள் சிறுமியா?

கருக்கலைப்பை நாடும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அவள் பெயரை மருத்துவர் காவல் துறைக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. லைன் வீடுகளிலே இதை யார் போய்ச் சொன்னார்?

பள்ளிச் சீருடை அணிய வேண்டியவள் நிறைவயிறோடு குழாயடியில் நின்றால், வம்பு பேசாதீர்கள். உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பி, அவளைச் சுகாதாரச் செவிலியரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். மணப்பந்தல் எழுமுன்னே செய்தி கிட்டினால், 1098-ஐ அழையுங்கள். அந்த எண்ணை இன்றே படிப்பகத்துச் சுவரிலே எழுதிவையுங்கள், தோழர்களே!