ரெட் பின்னும் ஆக்கினைத்தீர்ப்பும்

ஒரகடத்து உதிரிபாக ஆலைகளில் லைன் ஓரத்தில் சிவப்புத் தொட்டி ஒன்று இருக்கும்; ரெட் பின் என்பார்கள். அளவு தப்பிய உருப்படி அதில் விழும். விழுந்ததெல்லாம் குப்பைக்குப் போவதில்லை. குவாலிட்டி ஆள் வந்து, இது ரீவொர்க், இது ஸ்கிராப் என்று பிரிப்பார். மெஷினில் நிற்பவர் தவற்றைக் காட்டலாம். அந்தத் தீர்ப்பை அவர் எழுத முடியாது. தன்னையே ஓயாமல் பழித்துக்கொள்பவர் செய்வது அந்த அதிகார மீறலைத்தான் என்பது என் வாதம். செய்த தவற்றை உணர்வது ஒன்று. ‘நானே ஸ்கிராப்’ என்று சீட்டு எழுதித் தன்மேல் ஒட்டிக்கொள்வது முற்றிலும் வேறு.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் பவுல், பிறர் தம்மை நியாயந்தீர்ப்பதைப் பொருட்படுத்தவில்லை என்பதோடு நிற்கவில்லை. தாமும் தம்மை நியாயந்தீர்ப்பதில்லை, அது கர்த்தருடைய வேலை என்கிறார். எழுதியவர் யார்? ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் மேலாடைகளுக்குக் காவல் நின்றவர். சபையைத் துன்பப்படுத்தியதை அதே நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் ஒளிக்காமல் சொல்கிறார். நினைவு அப்படியே இருக்கிறது. ஆக்கினைத்தீர்ப்பு மட்டும் இல்லை. பேதுருவும் யூதாசும் ஒரே இரவில் தவறினார்கள். யூதாஸ் குற்றத்தை வாய்விட்டு ஒப்புக்கொண்டான், 30 வெள்ளிக்காசையும் எறிந்துவிட்டுப் போனான்; மனஸ்தாபத்தில் அவன் பேதுருவுக்குக் குறைந்தவனல்ல. ஆனால் நீதிபதியின் நாற்காலியிலும் அவனே போய் உட்கார்ந்துவிட்டான். பேதுரு அழுததோடு நின்றான்.

இப்படிச் சொன்னால் தப்பு செய்கிறவனுக்குக் குளிர்விட்டுப் போகாதா என்று கேட்பீர்கள். ரோமர் 6-ஆம் அதிகாரம் இதே கேள்வியோடுதான் தொடங்குகிறது. சகேயுவின் வீட்டில் நடந்த வரிசையைக் கவனியுங்கள். இயேசு விருந்தாளியாக வந்தது முதலில்; பறித்ததை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொன்னது பிறகு. சுயநிந்தனை அப்படி ஒரு காசையும் திருப்பித் தருவதில்லை, அதற்குத் தன்னைப் பார்க்கவே நேரம் போதாது. கத்துகிற சூப்பர்வைசரிடம் பழுதான உருப்படி நேரத்துக்கு வந்து சேராது, பயந்தவன் மறைப்பான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் இந்த மண்ணிலிருந்தே எழுகிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-இல் உற்பத்தியை நிறுத்தியது. வரி வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டதால், மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய தொழிலில் இந்த ஆலை சேரவில்லை. அதில் வேலை இழந்தவர், ‘எனக்குத்தான் துப்பில்லை’ என்று குமைந்தால் அவருக்கு எதற்கு மன்னிப்பு? நியாயமான கேள்வி. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றார் இயேசு. இல்லாத குற்றத்துக்கு மன்னிப்பு வழங்குவதும் ஒரு பழிதான். அதைத் தள்ளிவிட்டு, நிர்வாகத்திடமும் அரசிடமும் கேட்க வேண்டியதைக் கேட்பதுதான் முறை.

மன்னிப்பைப் பற்றிய இதெல்லாம் வெளியிலிருந்து வந்த பேச்சு என்று சிலர் ஒதுக்கக்கூடும். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரின் பக்கத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொல்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. பிறந்த கன்றின் அழுக்கைத் தாய்ப்பசு நக்குவதுபோல அடியாரின் குற்றத்தையும் இறைவன் விரும்பி ஏற்கிறான் என்று விளக்கியவர்கள் தென்கலை வைணவ ஆசிரியர்கள். வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளை 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாண’த்தைத் தழுவி 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்தார். சரணாகதி என்றால் என்னவென்று அவருக்கு ஐரோப்பியர் யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

பனியன் கதையில் பயணியின் முதுகுச் சுமையை அவன் அவிழ்ப்பதில்லை. சிலுவையின் முன்னே அது தானே கழன்று, உருண்டு, கல்லறை வாய்க்குள் விழுகிறது. கதை அங்கே முடியவில்லை என்பதுதான் பனியனின் நேர்மை. அதன்பிறகும் அவநம்பிக்கை என்ற அரக்கன் பயணியையும் கூட்டாளியையும் பிடித்து இருட்டறையில் போடுகிறான். செத்துப்போங்கள் என்றே யோசனை சொல்கிறான். புதன்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை இரவுவரை கிடந்தபின்தான், வாக்குத்தத்தம் என்ற சாவி இத்தனை நாளும் தன் மடியிலேயே இருந்தது பயணிக்கு நினைவு வருகிறது. உள்கதவுகள் சுலபமாகத் திறந்தன. வெளிவாசல் இரும்புப் பூட்டு மட்டும் லேசில் அசையவில்லை, மல்லுக்கட்டித்தான் திறந்தார்கள்.