உயர்மாடியில் கதவு மாட்டுவோர் வீழாமற் காத்தல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியில் இலக்கணம் போதிக்கும் யான் தச்சுவேலையைப் பற்றிப் பேச எழுந்தது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். என் தந்தையார் ஆசாரி. எங்கள் குடும்பத்தில் ஏட்டைப் பிடித்தவன் யான் ஒருவனே. என் அம்மான் நாற்பதாண்டு கதவுவேலை செய்தவர். மூன்றாண்டுகட்கு முன் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியிற் பால்கனிக் கதவை மாட்டுங்கால் வீழ்ந்தார். கீழே மணற்குவியல் இருந்தமையின் உயிர் தப்பிற்று, இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் உளி பிடித்திலர். "கால் தவறிவிட்டது, மாப்பிள்ளை" என்றே இன்றளவும் சொல்லுகின்றார். அவர் கால் தவறவில்லை, வேலையின் முறையே தவறிற்று என்பதே யான் கூறவந்தது.

நடந்ததைக் கேளுங்கள். கதவு மாட்டும்வரை அவ்வாயிலைக் குறுக்கே இரு பலகையறைந்து அடைத்திருந்தனர். கதவை மாட்டவேண்டின் பலகையைப் பெயர்த்தல் வேண்டுமன்றோ? பெயர்த்தார். பால்கனிக்குக் கைப்பிடிக் கம்பி இன்னும் வந்திலது. அது வேறொருவர் ஒப்பந்தம். கீல் முடுக்கிய பின், கதவுக்கும் நிலைக்கும் இடையேயுள்ள சந்து ஒத்திருக்கின்றதா என்று காண இரண்டடி பின்வாங்கினார். தன் வேலையைப் பின்வாங்கி நின்று பாராத ஆசாரி உண்டோ? நாற்பதாண்டு நற்பழக்கமே அவரை வீழ்த்திற்று. இருபதடி உயரத்தினின்று வீழ்பவன் தரைசேர ஒரு விநாடிக்குச் சற்று மிகையே ஆகும். அப்போது அவன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர். ஒன்றைப் பற்றிக்கொள்ள அவகாசமேது?

நிலை என்னும் நம் சொல் கதவின் சட்டத்தையும் மனிதன் காலூன்றி நிற்றலையும் ஒருங்கே குறிக்கும். பின்னது உறுதிப்பட்ட பின்னரே முன்னதை நாட்டல் தகும். ஆதலின் கைப்பிடிக் கம்பி முந்தி, கதவு பிந்தி என்று மேஸ்திரியிடம் வற்புறுத்துக. கம்பி வரத் தாமதமாயின், தளத்தின் விளிம்பில் மூன்றரையடி உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டமும், நடுவில் ஒன்றும், உளியும் திருகாணியும் உருண்டு கீழுள்ளார் தலையில் விழாவண்ணம் அடியில் ஒரு பலகையும் தற்காலிகமாகக் கட்டுக.

பால்கனியே இல்லாத வாயில்களும் உள. லிப்டுக்கு விட்ட வழி அத்தகையது. அங்குத் தடையை நீக்கும் கணத்திற் காப்பு ஒன்றுமில்லை. அப்போதுதான் தொழிலாளர் 'பெல்ட்' என்று வழங்கும் உடற்கச்சு வேண்டும். இடுப்பில் மாத்திரம் கட்டும் வார் ஆகாது. வீழ்ச்சியைத் தாங்க அதனை அணிதல் அமெரிக்க நாட்டில் 1998 முதல் விலக்கப்பட்டது. தோளையும் தொடையையும் தழுவும் முழுக்கச்சே கொள்க.

கயிற்றை எங்கே கட்டுவது? இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். சற்றுமுன் நாட்டிய நிலையிலும், சன்னற் கம்பியிலும், சாரக்கம்பிலும் கட்டற்க. தூணையோ உத்திரத்தையோ பொறியாளர் காட்டிய இடத்திற் பற்றுக. கயிறு விளிம்பை எட்டாத அளவே நீளமிருக்க வேண்டும். ஆறடிக் கயிற்றை முதுகின் உயரத்திற் கட்டி வீழ்ந்தால், கயிறு இறுகி, அதிர்ச்சி தாங்கும் மடிப்பு விரிந்து, உடல் தரைதொடாது தொங்கி நிற்பதற்குக் கயிறு கட்டிய இடத்திற்குக் கீழே ஏறக்குறைய 18 அடி வெளி வேண்டும். முதல் மாடியோ பத்தடி; கயிறு கட்டியிருந்தும் தரையில் மோதக்கூடும். தாழ்ந்த மாடிதானே என்று எண்ணுவார் இதனை நினைவிற் கொள்க.

காற்றையும் மறத்தலாகாது. ஏழடிக்கு மூன்றடித் தேக்குக் கதவு 40 கிலோவுக்கு மேற்படும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அதனைப் பன்னிரண்டு கிலோ வலிமையோடு தள்ளும். காற்று இருமடங்காயின் தள்ளுதல் நான்மடங்காம். ஒற்றையாளாய்த் தூக்கி நிறுத்துவது எவ்வளவு பேதைமை! பலத்த காற்றில் அன்றைய வேலையை விடுக.

சட்டம் இல்லாமலில்லை. கட்டடத் தொழிலாளர்க்கென்றே பாராளுமன்றம் 1996-ல் ஒன்று இயற்றிற்று. 2020-ல் தொகுப்புச் சட்டமும் செய்தது. ஆயினும் கதவொன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, பொழுதுக்குள் ஐந்து மாட்ட ஓடும் நம்மவர் எவரிடம் போய்ச் சட்டம் பேசுவர்? கச்சு வாங்கவும் பலர்க்குக் கையில் முதலில்லை.

ஆதலின் ஒரு விண்ணப்பம். சங்க நிதியினின்று பத்து உடற்கச்சும் கயிறும் வாங்கி, வேண்டுவார்க்கு இரவல் கொடுத்தல் வேண்டும். ஒருமுறை வீழ்ச்சியைத் தாங்கிய கச்சு மறுமுறைக்கு உதவாது. அதனை வெட்டி எறிதல் வேண்டும். எனவே கொண்டுபோனவர் பெயர், நாள், திருப்பிய நாள், இடையில் வீழ்ச்சி நேர்ந்ததா என்பன குறிக்கப் பேரேடு ஒன்று தேவை. அதனை எழுதிவரும் பணியை யான் ஏற்கின்றேன். ஞாயிறுதோறும் காலை எட்டு மணிமுதல் சங்கக் கட்டடத்தில் இருப்பேன்.