பேர் அதே பேர்தான், மா எங்கே போச்சு?



பணவீக்கம் என்றதும் பயப்பட வேண்டாம். கோதுமை மாவை வைத்துப் பார்த்தால் சுலபமாக விளங்கும்.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. எத்தனை வருசப் போராட்டம்! அப்போது மா கிலோ 100 ரூபா அளவில். ஒரு பேருக்குப் பத்துக் கிலோ வாங்கலாம். 2022 செப்டெம்பரில் மா 400 ரூபாவைத் தொட்டது. பேருக்கு அதே 1,000 தான்; கிடைத்ததோ இரண்டரைக் கிலோ. யாரும் சம்பளத்தை வெட்டவில்லை, ஆனாலும் வெட்டுப்பட்டது.

அந்த மாதம் கொழும்புச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அதாவது போன வருசம் 100 ரூபாவுக்கு வாங்கின சாமானுக்கு 170 ரூபா. 2023 செப்டெம்பரில் அது 1.3 வீதமானது. “குறைஞ்சிருச்சுங்கிறாங்க, சாமான் விலை ஏன் பழையபடி வரல?” என்று பதுளைப் பக்கத் தோட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. குறைந்தது விலை ஏறுகிற வேகம்தான். மா கொஞ்சம் இறங்கியது, பழைய விலைக்கு வரவில்லை. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா வந்தபோதும் பத்துக் கிலோ திரும்பி வரவில்லை.

சீட்டுப் பிடிக்கிற அக்காமாருக்கு ஒன்று. 2021இல் தொடங்கின இருபது மாதச் சீட்டில் முதலில் எடுத்தவர் கூரைத்தகரம் வாங்கியிருப்பார். கடைசியில் எடுத்தவருக்கு அதே காசில் பாதித் தகரமும் தேறியிராது. விலை ஏறுகிற காலத்தில் கடைசி ஆட்களுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க, சீட்டுத் தொடங்கும்போதே பேசி எழுதி வையுங்கள்.