அடையாளம் கேட்கலாமா?



கடவுளுடைய சித்தம் இன்னதென்று அறிய விரும்பும் கிறிஸ்தவன், அதற்கு ஓர் அடையாளத்தைக் காட்டும்படி அவரிடம் கேட்கலாமா? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா. இது மதநூல் வல்லார் மட்டும் வாதிட்டுத் தீர்க்கவேண்டிய வினா அன்று. கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞன் ஒருவன், மேலே படிப்பதா, வந்த வேலையை ஏற்பதா என்று திகைக்கிறான். "இன்று மாலைக்குள் கடிதம் வந்தால் இவ்வழி, வராவிட்டால் அவ்வழி" என்று மனத்துக்குள் ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டு முழங்காற்படியிடுகிறான். இத்தகைய வேண்டுதலைச் செய்யாத கிறிஸ்தவ இளைஞர் சிலரே இருப்பர். நம் நாட்டிலும் இவ்வழக்கம் புதிதன்று. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் கட்டிப் போட்டுப் பார்ப்பதை நாம் அறிவோம். சீட்டெழுதிக் குலுக்கி எடுப்பதற்குத் தமிழர் வைத்த பெயரே திருவுளச்சீட்டு என்பது. எடுப்பது குழந்தையின் கையாயினும் எழுத்தில் வெளிப்படுவது இறைவன் உள்ளம் என்ற நம்பிக்கை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அடையாளம் கேட்கலாம் என்போர் முதலில் எடுத்துக்காட்டுவது கிதியோனையே. அவன் வரலாறு நியாயாதிபதிகள் ஆகமத்தில் வருகிறது. மீதியானியரின் கொள்ளைக்கு அஞ்சி, களத்தில் போரடிக்க வேண்டிய கோதுமையைத் திராட்ச ஆலையின் மறைவில் போரடித்துக்கொண்டிருந்தவன் அவன். அவனைப் படைத்தலைவனாகும்படி அழைப்பு வருகிறது. அவன் ஒரு மயிருள்ள தோலைக் களத்தில் விரித்து, தோல் மட்டும் பனியால் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும் என்கிறான். விடியற்காலையில் தோலைப் பிழிந்தால் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர். அத்துடன் அவன் அமைதியுற்றானா? இல்லை. மறுநாள், தோல் காய்ந்து தரை நனைந்திருக்க வேண்டும் என்று கேட்கிறான்.

அறிவியல் பயிலும் மாணவர்கள் இந்த இரண்டாம் வேண்டுகோளைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆட்டுமயிர் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் இயல்புடையது. வெறுந்தரையோ விரைவில் காய்வது. ஆகவே முதல் நாள் நிகழ்ந்தது இயற்கையாகவும் இருந்திருக்கலாம். அந்த ஐயத்தைப் போக்கவே அவன் சோதனையைத் தலைகீழாகத் திருப்பினான் போலும். அச்சம் நிறைந்தவனே எனினும் ஆராய்ச்சி அறிவு உள்ளவன்!

ஆனால், வழி தெரியாமல் அவன் தோலை விரித்தானா என்பதே கேள்வி. செய்ய வேண்டியது இன்னதென்று அவனுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. பாறையிலிருந்து எழுந்த தீ அவன் படைத்த உணவைப் பட்சித்த அடையாளமும் முன்னரே கிடைத்தாயிற்று. தோலை விரிக்கும்போதும், "நீர் சொன்னபடியே" என்ற பொருளில்தான் பேசுகிறான். எனவே அவன் கேட்டது வழிகாட்டுதலன்று. அறிந்த வழியில் நடக்கத் துணிவு. கடவுள் அவனைக் கடிந்துகொள்ளவில்லை என்பதும் உண்மை. அவனுடைய படையை 32,000 பேரிலிருந்து 300 பேராகக் குறைத்தது மட்டும் அதன் பின்பு நடந்தது. அடையாளம் கேட்டவனுக்குச் சுமை குறைந்ததாக அவ்வரலாறு கூறவில்லை.

உண்மையில் வழிகாட்டுதலுக்காகவே அடையாளம் கேட்டவன் ஒருவன் உண்டு. அவன் ஆபிரகாமின் மூத்த ஊழியக்காரன். தலைவனுடைய மகனுக்குப் பெண் தேடிச் சென்றவன், ஊர்ப்புறத்துக் கிணற்றருகே நின்று, "நான் குடிக்கத் தண்ணீர் கேட்கும்போது, எனக்கும் கொடுத்து, என் ஒட்டகங்களுக்கும் வார்ப்பேன் என்று சொல்லும் பெண்ணே நீர் குறித்த பெண்" என்று வேண்டுகிறான். அவனிடம் இருந்தவை பத்து ஒட்டகங்கள். நன்றாகத் தாகமுற்ற ஒட்டகம் ஒரே வேளையில் 100 லிட்டர் வரை குடிக்கவல்லது. குடத்தால் மொண்டு மொண்டு அத்தனைக்கும் ஊற்றுவது எளிய வேலையா? கேளாமலே அதைச் செய்ய முன்வருபவள் எத்தகைய பெண் என்பது சொல்லாமலே விளங்கும். ஆகவே அவன் வைத்தது குணத்தை அறியும் தேர்வு. வானத்தில் பறவை வலமிருந்து பறக்க வேண்டும் என்று அவன் கேட்டிருந்தால், அதற்கும் மணமகளின் இயல்புக்கும் என்ன தொடர்பு இருந்திருக்கும்? இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அடையாளம் நிறைவேறிய பிறகும் அவன் அவள் குலத்தை விசாரித்தான்; பெரியோரிடம் பேசினான். கடைசியில் ரெபெக்காளையே அழைத்து, இவனுடன் போக உனக்குச் சம்மதமா என்று வீட்டார் கேட்டனர். அடையாளம் கிடைத்துவிட்டது என்பதால் அவள் வாய்ச்சொல் தேவையற்றதாகிவிடவில்லை.

அடையாளம் கேளாதிருப்பதே பக்தி என்று முடிவு கட்டிவிடலாமோ எனின், ஆகாஸ் அரசன் குறுக்கே நிற்கிறான். ஏறத்தாழ கி.மு. 735இல் சீரியரும் இஸ்ரவேலரும் ஒன்றுகூடி யூதா நாட்டின்மேல் படையெடுத்தனர். ஏசாயா தீர்க்கதரிசி அரசனிடம் சென்று, ஆழத்திலோ உயரத்திலோ ஓர் அடையாளத்தை நீயே கேள் என்றார். அரசனோ, கடவுளைச் சோதிக்க மாட்டேன் என்று மிகப் பணிவாக மறுத்தான். கேட்பதற்கு எவ்வளவு பக்தியான மறுமொழி! ஆனால் அவன் அசீரிய அரசன் திகிலாத்பிலேசருக்குத் திருக்கோயிலின் பொன்னையும் வெள்ளியையும் அனுப்பித் துணை வேண்டியவன் என்பதை இராஜாக்களின் வரலாறு கூறுகிறது. அடையாளம் வந்துவிட்டால் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும், அதனாலேயே வேண்டாமென்றான். அதே வாசகத்தை இயேசுவும் மொழிந்தார். தேவாலயத்தின் உப்பரிகையிலிருந்து குதித்துப் பார் என்று சோதனைக்காரன் தூண்டியபோது, கடவுளைச் சோதிக்கலாகாது என்ற பழைய மறைமொழியையே விடையாகக் கூறினார். ஒருவர் கீழ்ப்படிவதற்காகச் சொன்னதை மற்றவன் கீழ்ப்படியாதிருப்பதற்காகச் சொன்னான்.

இனி, சீட்டுப் போடுதல். யூதாஸ் விட்டுச் சென்ற இடத்துக்கு ஒருவரைத் தெரிந்தெடுக்கச் சீடர்கள் சீட்டுப் போட்டனர். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் இதைச் செய்யவில்லை. இயேசுவின் ஊழியத் தொடக்கமுதல் உடனிருந்தவராக இருத்தல் வேண்டும் என்று தகுதியை முதலில் வகுத்தனர், அத்தகுதியுடைய இருவரை நிறுத்தினர், பின்னரே சீட்டு. நம் உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையும் இவ்வாறே வயது, நிலம், கல்வி முதலிய தகுதிகளை முதலில் விரித்துரைத்து, அதன் பின்னரே ஓலையைக் குடத்தில் இடச் சொல்கிறது. மத்தியாவுக்குப் பிறகு புதிய ஏற்பாட்டில் திருச்சபை சீட்டுப் போட்டதாகச் செய்தி இல்லை. யூதரல்லாத கிறிஸ்தவர் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற பெரும் பிரச்சினை எழுந்தபோது எருசலேமில் கூடி வாதித்தே முடிவு கண்டனர். சீட்டினால் ஒரு நொடியில் தீர்த்திருக்கக் கூடியதை விவாதத்தால் தீர்த்தார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வழக்கத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் மொராவியச் சகோதரர். ஜெர்மனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் 1722இல் எழுந்த ஹெர்ன்ஹூட் என்னும் ஊர் அவர்களது மையம். 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறியவர்கள் அவர்கள். மூப்பரைத் தெரிந்தெடுப்பது முதல் திருமணம் வரையில் சீட்டுப் போட்டே திருவுளத்தை அறிந்தனர். திருமணத்துக்குச் சீட்டுக் கட்டாயம் என்ற விதி 1818இல்தான் தளர்ந்தது.

அவர்களிடம் இம்முறையைக் கற்றவர்களுள் ஒருவர் ஜான் வெஸ்லி. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தின் தந்தையாக விளங்கிய அவர், 1736இல் அமெரிக்காவின் ஜார்ஜியாக் குடியேற்றத்தில் சவானா நகரில் இளங்குருவாயிருந்தார். அந்நகரின் தலைமை நீதிபதி காஸ்டன் என்பார். அவருடைய மனைவியின் உடன்பிறந்தார் மகளான சோபியா ஹாப்கி என்னும் பெண், வெஸ்லியிடம் பாடம் கேட்டாள். நோயுற்றபோது அவருக்குப் பணிவிடையும் செய்தாள். வெஸ்லி அவள்பால் அன்பு கொண்டார். ஆயினும் மணம் புரிவது தம் ஊழியத்துக்கு இடையூறாகுமோ என்று மாதக்கணக்கில் ஊசலாடினார். தெளிவாக ஒரு சொல் அவளிடம் கூறினாரில்லை. முடிவில் 1737 மார்ச் 4ஆம் நாள், தம் நண்பர் டெலமோட்டுடன் ஜெபித்துவிட்டு மூன்று சீட்டுகள் எழுதினார். மணந்துகொள் என்பது ஒன்று. இவ்வாண்டு அதை நினையாதே என்பது ஒன்று. இனி எக்காலும் நினையாதே என்பது மற்றொன்று. டெலமோட் எடுத்தது மூன்றாம் சீட்டு.

எட்டே நாளில், மார்ச் 12ஆம் நாள், சோபியா வில்லியம்சன் என்பவரை மணந்தாள். திருவுளத்துக்கு அடங்கினேன் என்று எண்ணிய வெஸ்லியின் உள்ளம் அடங்கிற்றா? ஆகஸ்டில் அவளுக்குத் திருவிருந்து அளிக்க மறுத்தார். திருச்சபை ஒழுங்கின்படியே மறுத்தேன் என்றார் அவர். ஊரோ வேறுவிதமாகப் பேசிற்று. அவர்மேல் பத்துக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. டிசம்பரில் அவர் அந்நாட்டை விட்டே வெளியேறினார்.

வெஸ்லியின் நேர்மையை நான் ஐயுறவில்லை. தமக்கு விருப்பமான சீட்டு வராதபோதும் அதற்குக் கட்டுப்பட்டவர் அவர். என் உள்ளத்தை உறுத்துவது வேறு. மூன்று சீட்டுகளிலும் சோபியாவுக்கு இடம் எங்கே? அவள் வாழ்க்கையையும் தீர்மானிக்கும் வினா, அவளறியாமல் ஓர் அறையில், இரண்டு ஆடவர் கையில், காகிதத் துண்டுகளால் தீர்க்கப்பட்டது. ரெபெக்காளிடம் கேட்கப்பட்ட கேள்வி இவளிடம் கேட்கப்படவேயில்லை. தனக்கு மட்டும் விடை தேடிக்கொள்ளும் அடையாளத்தைவிட, பிறர் வாழ்வையும் சேர்த்து முடிவு செய்யும் அடையாளம் எத்தனையோ மடங்கு ஆபத்தானது. "கடவுள் எனக்குக் காட்டினார்" என்று ஒருவன் சொல்லிவிட்டால், எதிரே நிற்பவர் அவனோடு வாதாட முடியாது; கடவுளோடுதான் வாதாட வேண்டும்!

ஆனால் கதை இத்துடன் முடிந்ததென்று சொன்னால் நடுவுநிலை ஆகாது. 1739 மார்ச்சில், பிரிஸ்டல் நகருக்கு வருமாறு விட்ஃபீல்டு வெஸ்லியை அழைத்தார். போகலாகாது என்று தம்பி சார்ல்ஸ் தடுத்தார். லண்டனில் ஃபெட்டர் சந்துச் சபையார் மீண்டும் சீட்டுப் போட்டனர். போ என்று வந்தது. போனார். அங்கே ஏப்ரல் 2ஆம் நாள் திறந்தவெளியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளரை எழுப்பிய ஒரு பேரியக்கம் அதிலிருந்து வளர்ந்தது. அப்படியாயின் முதற்சீட்டுப் பொய், இரண்டாம் சீட்டு மெய் என்பதா? முதற்சீட்டும் அவரைப் பெரும்பணிக்காக விடுவித்தது என்று வாதிப்பாரும் உளர். எப்படி நிகழ்ந்தாலும் பொருள் கூறிக்கொள்ள இயலுமாயின், சீட்டு நமக்கு அறிவித்தது என்ன என்று நான் கேட்பேன்.

வெஸ்லியே பிற்காலத்தில் தம் பிரசங்கமொன்றில், கனவுகளையும் உள்ளத்தில் திடீரென எழும் உந்துதல்களையும் எதிர்நோக்கிக் கடவுள் சித்தத்தைத் தேடுவோரை எச்சரித்தார். நாம் நல்லவராயிருப்பதும் நன்மை செய்வதும் கடவுளின் சித்தம் என்று மறைநூல் பொதுவிதியைத் தந்துவிட்டது. இரண்டு வழிகளில் எது அதற்கு மிகுதியும் துணையாகும் என்பதை, ஆவியானவரின் துணையோடு, அறிவும் அனுபவமும் கொண்டு ஆராய்க என்பது அவர் கருத்து. சவானாவைக் கடந்து வந்தவரின் சொல்லாதலால் அதற்கு எடை மிகுதி.

மாலைக் கடிதத்துக்குக் காத்திருக்கும் நம் இளைஞனுக்கு இதிலிருந்து என்ன சொல்வது? கேட்பதே பாவம் என்று நான் சொல்லேன். கிதியோனைக் கடவுள் பொறுத்தாரே. ஆனால் கடிதம் வருவதற்கும் வராததற்கும் தபால்காரரின் மிதிவண்டி பழுதானதும் காரணமாயிருக்கலாம். அவன் ஆராய வேண்டியவையோ அருகிலேயே இருக்கின்றன: வீட்டின் நிலை, தன் திறமை, தன்னை அறிந்த ஆசிரியரின் எண்ணம், தன் முடிவால் பாதிக்கப்படுவோரின் விருப்பம். கடிதம் வராமற்போனபோது, "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று அவன் மனம் சொல்லுமாயின், அவன் எதை விரும்புகிறான் என்பதாவது அவனுக்குத் தெரிந்துவிடும். அதைக் கடவுளிடம் வெளிப்படையாகச் சொல்லியே ஜெபிக்கலாம்.

கிதியோனைப் பற்றி இன்னும் ஒன்று. வெற்றிக்குப்பின், கொள்ளையில் கிடைத்த காதணிகளை மக்களிடம் அவன் கேட்டு வாங்கினான். அவை 1,700 சேக்கல் நிறையுள்ள பொன். அதைக்கொண்டு ஓர் ஏபோத்தைச் செய்து தன் ஊராகிய ஒப்ராவில் வைத்தான். மக்கள் அதை வணங்கத் தொடங்கினர். அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் அது கண்ணியாயிற்று என்று அவ்வாகமம் கூறுகிறது. அந்தப் பொன்னைக் கேட்பதற்கு முன் அவன் எந்த அடையாளமும் கேட்டதாக அதில் எழுதப்படவில்லை.