பிந்தி வந்த மறுமொழி



2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன்பின் ஆசிரியர் பலர் கைத்தொலைபேசியின் வழியே பாடம் நடத்தினர். அத்தகைய வகுப்பொன்றை ஒருநாள் நானும் உடனிருந்து கேட்டேன். அவ்வாண்டு எம் பாடசாலையிற் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவியை ஆசிரியர் வினவினார். மறுமொழி வரவில்லை. சற்றுப் பொறுத்து அடுத்த மாணவனை வினவினார். அவன் வாய்திறந்த வேளையில் முன்னைய மாணவியின் குரல் குறுக்கே ஒலித்தது. அவள் கூறியது சரியான விடையே. ஆனால் அதற்குரிய வினா கடந்துபோயிருந்தது. இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்தது. “கவனமில்லாத பிள்ளை” என்றார் ஆசிரியர். நானும் மறுத்துரைக்கவில்லை.

பாடசாலை மீளத் திறந்தபின் அப்பிள்ளையை வகுப்பிற் கண்டேன். வினா முடியுமுன்னரே கை உயர்த்துபவள் அவள்! குரல் பிந்தியதற்குப் பிள்ளையைக் குறைகூறினோமே என்று மனம் வருந்தியது. குரல் ஏன் பிந்துகின்றது என்பதைக் கற்றறிய அன்று முற்பட்டேன். நான் கலைப்பட்டம் பெற்றவன். பொறியியலிற் பயிற்சி உடையவனல்லேன். ஆயினும் தபாற் கந்தோரின் வழமைகளை அறிந்த எவர்க்கும் இப்பொருள் விளங்கும் என்பதைக் கண்டுகொண்டேன்.

பழைய தொலைபேசியில் இருவர் பேசி முடிக்கும்வரை அவர்களுக்கென ஒரு வழி ஒதுக்கப்பட்டிருக்கும். இணையத்தில் அவ்வாறான தனிவழி இல்லை. கடிதமாயினும் படமாயினும் குரலாயினும் சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் முகவரி இடப்பட்டு, ஏனையோரின் பொதிகளோடு கலந்தே செல்லும். தொலைபேசித் தரத்தில் ஒருவரது குரலைச் செக்கனுக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒரு பைட்டாக எழுதுவர். 20 மில்லிசெக்கன் பேச்சு, அஃதாவது ஒரு செக்கனின் ஐம்பதிலொரு பங்கு, 160 பைட்டுக்கள் கொண்ட ஒரு பொதியாகும். இன்றைய முறைகள் குரலை இதனினும் சுருக்கிவிடுகின்றன. எனினும் 20 மில்லிசெக்கனுக்கு ஒரு பொதி என்னும் வழக்கம் பெரிதும் நிலவுகின்றது. ஆகவே நாம் ஒரு செக்கன் பேசினால் ஐம்பது பொதிகள் புறப்படும். அவை சீரான இடைவெளியிற் புறப்பட்டாலும் சீராகச் சென்றடைவதில்லை. சில விரைந்து செல்லும். சில வழியில் வரிசையிற் காத்துக்கிடக்கும். சில இடமின்மையாற் கைவிடப்படும்.

இழந்த பொதியை என்செய்வது? 1974ஆம் ஆண்டில் விண்டன் சேர்வ், றொபேட் கான் என்னும் அமெரிக்கர் இருவர் வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெறிமுறை ஒன்றை வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்ததே ரி.சி.பி. என்னும் நெறிமுறை. இதனைப் பதிவுத் தபாலுக்கு ஒப்பிடலாம். பொதிகள் கிடைத்தமைக்குப் பெறுபவர் சான்று அனுப்புவார். சான்று வராவிடின் அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். இடையில் ஒன்று தவறினால் அது வந்துசேரும்வரை பின்வந்தவை யாவும் வாயிலிற் காத்திருத்தல் வேண்டும். வங்கிக் கணக்குக்கும் பரீட்சைப் பெறுபேற்றுக்கும் இம்முறையே ஏற்றது. புள்ளிப் பட்டியலில் ஓர் இலக்கம் தவறுவதினும், பட்டியல் சிறிது பிந்தி வருவது மேலன்றோ?

பேச்சின் இயல்பு வேறு. ஒரு சொல்லின் சிறு துண்டு தவறினால், அதனை மீளப் பெறுவதற்காகப் பின்வரும் சொற்களை எல்லாம் நிறுத்திவைப்பது உரையாடலையே குலைத்துவிடும். இவ்வுண்மை தொடக்கத்திலேயே உணரப்பட்டது. அதே 1974ஆம் ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள தகவல் விஞ்ஞான நிறுவகத்துக்கும் மசச்சூசெற்ஸிலுள்ள லிங்கன் ஆய்வுகூடத்துக்கும் இடையே, அர்ப்பாநெற் என்னும் வலையமைப்பினூடாகக் குரலைப் பொதிகளாக அனுப்பும் சோதனைகள் நடைபெற்றன. அவற்றில் ஈடுபட்ட டானி கோஹென் என்பார், குரலுக்குப் பதிவுத் தபால் பொருந்தாது என வாதிட்டார். அத்தகைய வாதங்களின் பயனாக, 1978ஆம் ஆண்டளவில் முகவரி பார்த்துப் பொதியைக் கொண்டுசெல்லும் பணி வேறாகவும், பிழையின்றிச் சேர்ப்பிக்கும் பணி வேறாகவும் பிரிக்கப்பட்டன. 1980ஆம் ஆண்டில் ஜோன் பொஸ்ரல் என்பார் யு.டி.பி. என்னும் எளிய நெறிமுறையை மூன்றே பக்கங்களில் வரையறுத்தார். இது சாதாரணத் தபால் அட்டை போன்றது. சான்றுமில்லை, மீள அனுப்புதலுமில்லை.

வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இது வியப்பாயிராது. சிற்றலை ஒலிபரப்பில் இரைச்சல் எழுந்து ஒரு சொல் அழிந்தால், நிலையம் அதனை மீண்டும் சொல்லுவதில்லை. முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டு செவியே அதனை நிரப்பிக்கொள்கின்றது. இணையக் குரலிலும் தவறிய 20 மில்லிசெக்கனை, அதற்கு முந்திய ஒலியைச் சற்றே நீட்டிக் கணினி மறைத்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் அதனை உணர்வதில்லை.

ஆனால் வெறும் தபால் அட்டைகளில் எது முன், எது பின் என்பது தெரியாது. இக்குறையை நீக்க எழுந்ததே ஆர்.ரி.பி. என்னும் மெய்ந்நேரப் போக்குவரத்து நெறிமுறை. ஹென்னிங் ஷுல்ஸ்ரின், ஸ்ரீபன் காஸ்னர், றொன் பிரெட்றிக், வான் ஜேக்கப்சன் ஆகிய நால்வர் அதனை எழுதினர். 1996ஆம் ஆண்டில் வெளியான அது 2003ஆம் ஆண்டில் திருத்தம் பெற்றது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் குறைந்தது 12 பைட்டுக்களில் அது சில குறிப்புகளைப் பொறிக்கின்றது. அவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, பொதியின் வரிசை எண். மற்றையது, அவ்வொலி எக்கணத்தில் அளக்கப்பட்டது என்பதைக் காட்டும் காலக்குறி.

பெறுங் கணினி இவற்றைக் கொண்டு பொதிகளை ஒழுங்குசெய்து, குளத்தில் நீரைத் தேக்கி வாய்க்காலிற் சீராக விடுவதுபோல, சிறு தேக்கமொன்றில் வைத்துப் பின்னரே ஒலிக்கவிடும். தேக்கம் சிறிதாயின் பிந்திய பொதிகள் பயனற்றுப்போம். பெரிதாயின் உரையாடலே பிந்திவிடும். பேசுபவர் வாயிலிருந்து கேட்பவர் செவிவரை 150 மில்லிசெக்கனுக்குள் குரல் சேருமாயின் பெரும்பாலான உரையாடல்களுக்கு இடையூறில்லை என்றும், 400 மில்லிசெக்கனைத் தாண்டலாகாது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைத்துள்ளது. அரைச் செக்கன் கூட இல்லை! அதற்குமேற் போனால், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவதும், மறுமொழிக்குக் காத்திருந்தவர் தாமே மீண்டும் தொடங்குவதும் நிகழும்.

பதிவுசெய்த திரைப்படத்தையோ பாடலையோ கேட்பதில் இவ்விடர்ப்பாடு இல்லை. சில செக்கன்களுக்குரிய பகுதியை முன்னரே சேமித்துவைக்க இடமுண்டாதலின், அங்கே மீள அனுப்பும் முறையே பெரிதும் கையாளப்படுகின்றது. ஒரு வீட்டிற் படம் தடையின்றி ஓடுவதைக் கொண்டு, அங்கே உரையாடலும் தடையின்றி நடக்கும் என எண்ணுதல் தவறு.

இன்னுமொரு செய்தி. 1986ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில், நானூறு யார் இடைவெளியிலிருந்த இரு நிலையங்களுக்கிடையே, செக்கனுக்கு 32,000 பிட்டாயிருந்த போக்குவரத்து 40 பிட்டாகச் சுருங்கிற்று. நெரிசலை அறியாது எல்லோரும் மீண்டும் மீண்டும் அனுப்பியதன் விளைவு அது. வழி நெருங்கும்போது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பண்பு ரி.சி.பி.க்கு அதன்பின் புகட்டப்பட்டது. 1988இல் அதனை விளக்கி எழுதியவர் முற்கூறிய வான் ஜேக்கப்சனே. யு.டி.பி.யில் அப்பண்பு இயல்பாக அமைந்ததன்று. ஆகவே எத்தனை பொதிகள் இழக்கப்பட்டன, வருகை எவ்வளவு தடுமாறுகின்றது என்பவற்றைப் பெறுபவர் அறிவிப்பதற்கு ஆர்.ரி.பி.யுடன் ஒரு துணை நெறிமுறை சேர்க்கப்பட்டது. அவ்வறிக்கை கண்டு, அனுப்பும் கணினி தன் அளவைக் குறைத்துக்கொள்ள இயலும்.

நேயர்களே, நெறிமுறை எத்துணைச் சிறந்ததாயினும் வலுக்குன்றிய தொடர்பை அது வலுவாக்காது. அலைத்தொடர்பு நலிந்த இடத்திற் பொதிகள் காத்துக்கிடந்தே தீரும். அவ்விடத்திலுள்ள பிள்ளைக்கு ஆசிரியரும் பெற்றோரும் சிறு உதவிகள் செய்யலாம். படத்தை நிறுத்திக் குரலை மட்டும் அனுப்பச் செய்தால் பாரம் பெரிதும் குறையும். வினவியபின் மனத்துள் ஐந்துவரை எண்ணிப் பொறுக்கலாம். வாயாற் சொல்ல இயலாத விடையை எழுத்தில் அனுப்ப இடமளிக்கலாம். எழுத்து சிறிது பிந்தினும் முழுமையாக வந்துசேரும்.

அந்தப் பன்னிரண்டு பைட்டுத் தலைப்பிலே ஒரு குரல் எழுந்த கணத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. நாங்களோ அம்மாணவியின் குரல் எம் செவியில் விழுந்த நேரத்தை மட்டும் கொண்டு அவளுக்குத் தீர்ப்பிட்டோம். அவ்வாசிரியர் தம் குறிப்பைப் பின்னர் தாமே அழித்துவிட்டார். அப்பிள்ளையிடம் நடந்ததைக் கூறியபோது, “நான் உடனேதான் சொன்னேன், சேர்” என்றாள். அது முற்றிலும் உண்மை.